சுட்டிக் காட்டலாமா, எழுதிச் சொல்லலாமா?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அந்தக் கறுப்புத் திரையில் எதையும் தட்டாமல் இதை ஓட்ட முடியுமா?"

முடியும். லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா என எதை நிறுவினாலும் இணையம் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய, பாட்டுக் கேட்க, வைஃபை இணைக்க, புது மென்பொருள் சேர்க்க எல்லாவற்றுக்கும் மெனுவும் பட்டனும் இருக்கின்றன. மவுஸை மட்டும் வைத்துக்கொண்டு அன்றாட வேலை முழுவதையும் முடித்துவிடலாம்.

அப்படியானால் ஏதாவது ஒரு சந்தேகம் என்று தெரிந்தவரிடம் கேட்டால், பதில் ஏன் எப்போதும் ஒரு கட்டளையாகவே வருகிறது? அந்தக் கறுப்புத் திரைதான் டெர்மினல். "டெர்மினலைத் திற, இதைத் தட்டு" என்கிறார்களே, அது வீம்பா, தேவையா? இந்த இரண்டாவது கேள்விதான் நிதானமாகப் பேச வேண்டியது. தேநீரோடு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழி நல்லது என்பதை ஆளை வைத்து முடிவு செய்யக் கூடாது, கையில் இருக்கும் வேலையை வைத்து முடிவு செய்ய வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு மவுஸ், தேறியவருக்கு டெர்மினல் என்ற பிரிவினை பொய்யானது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தலாம். எதற்கு எது என்று தெரிய, இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

காகிதத்தில் பேசிய கணினி

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது, இன்று நாம் பார்ப்பது போன்ற திரை அவர்கள் முன்னால் இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறி இருந்தது. அவர்கள் தட்டுவதும் கணினி சொல்வதும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகும். அன்று பரவலாக இருந்த டெலிடைப் 33 விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். விசைகளை அழுத்தவும் விரலில் பலம் வேண்டும். அதில் நாள் முழுக்க வேலை செய்கிறவர் நீளமான சொற்களை விரும்பமாட்டார். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம் என்று கட்டளைகள் இரண்டே எழுத்தில் நின்றதற்கு இந்தச் சூழல் முக்கியக் காரணம். யாரையும் விலக்கி வைக்க உண்டாக்கிய சங்கேத மொழி அல்ல அது.

டெர்மினலின் இன்னொரு குணமும் அந்தக் காலத்தில் வேர் விட்டதுதான். ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால் அது ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வேலை முடிந்ததா, கணினி உறைந்துவிட்டதா என்று புதியவர் தவிப்பார். அதே கட்டளையை மறுபடியும் தட்டுவார். வேலை முடிந்தால் மௌனம், முடியாவிட்டால் மட்டும் பேச்சு என்பது யூனிக்ஸ் வழக்கம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

சுட்டிக் காட்டும் வழியும் ஏறக்குறைய அதே வயதுடையது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் ஓர் அரங்கம் நிறைந்த பொறியாளர்கள் முன்னால் மவுஸை இயக்கிக் காட்டினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-ல் உருவான ஆல்டோ கணினியில் ஜன்னல்களும் மவுஸும் ஒன்றாக இயங்கின. 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அந்த வழியைப் பொதுமக்கள் மேசைக்குக் கொண்டுவந்தது. அதே 1984-ல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்கான எக்ஸ் விண்டோ அமைப்பு தொடங்கியது.

1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது லினக்ஸின் கருவை மட்டும்தான். சாதாரணப் பயனரை மனத்தில் வைத்து முழுமையான டெஸ்க்டாப் அமைக்கும் முயற்சிகளில் கேடிஇ 1996-லும் குனோம் 1997-லும் தொடங்கின. ஆகவே லினக்ஸ் உலகின் ஆரம்பகாலப் பழக்கங்கள், பாடங்கள், உதவிக் குறிப்புகள் எல்லாம் கட்டளையிலேயே எழுதப்பட்டன. இன்றும் உங்களுக்கு வரும் பதில்களில் அந்தப் பழக்கத்தின் பங்கு உண்டு. ஆனால் பழக்கம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டில் அது மறைந்திருக்கும்.

உள்ளே இருப்பது ஒன்றுதான்

லினக்ஸ் மின்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து பட்டனை அழுத்துகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் டெர்மினலில் ஆப்ட் என்ற கட்டளையால் அதையே செய்கிறார். இரண்டும் கடைசியில் கை வைப்பது ஒரே பதிவேட்டில். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்ற அந்தப் பட்டியலை டிபிகேஜி என்ற நிரல் பராமரிக்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஜன்னலில் அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது டெர்மினலில் வேறொன்றை நிறுவச் சொன்னால், பூட்டு கிடைக்கவில்லை என்று ஆப்ட் காத்திருக்கும் அல்லது மறுத்துவிடும். கணினியில் பழுது எதுவும் இல்லை. ஒரே பதிவேட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகிவிடும்.

ஆகவே டெர்மினலில் செய்வது ஆழமான வேலை, ஜன்னலில் செய்வது மேலோட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். வேறுபாடு, உங்கள் விருப்பத்தை எப்படித் தெரிவிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பொருளை எடுப்பதற்கும், மளிகைக் கடையில் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. பார்த்து எடுப்பவருக்குப் பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் போதும். சீட்டு எழுதப் பெயரும் அளவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எழுதிவிட்டால் யாரிடமும் கொடுத்தனுப்பலாம், அடுத்த மாதமும் அதையே நீட்டலாம்.

இடைமுக வடிவமைப்பைப் பற்றி ஜேக்கப் நீல்சன் 1994-ல் வெளியிட்ட பத்து நெறிகளில் ஒன்று, பயனரை நினைவுகூர வைப்பதை விட அடையாளம் காண வைப்பது மேல் என்கிறது. மெனுவின் பலம் இதுதான். என்னென்ன செய்யலாம் என்பதை அது வரிசையாகக் காட்டுகிறது. டெர்மினல் எதையும் காட்டாது. நீங்கள் சொல்லக் காத்திருக்கும். அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது.

கண் தேவைப்படும் வேலைகள்

ஒரு கல்யாணத்தில் எடுத்த 600 படங்களில் நல்லவை 50 எடுக்க வேண்டும். கண் மூடியவை, கலங்கியவை, யாரோ குறுக்கே வந்தவை எல்லாம் கழிய வேண்டும். இதைக் கட்டளையில் செய்ய நினைப்பது வீண். படங்களைச் சிறு சதுரங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் ஜன்னல்தான் வேண்டும். தேர்வு கண்ணால் நடக்கும் இடங்களில் எல்லாம் சுட்டும் வழியே சிறந்தது.

வட்டில் இடம் நிரம்பிவிட்டது, எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. குனோமின் டிஸ்க் யூசேஜ் அனலைசர் கோப்புறைகளை வளையங்களாக வரைந்து காட்டும். பெரிய வளையம் எது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கட்டளையும் இதே எண்களைத் தரும். ஆனால் நூற்றுக்கணக்கான வரிகளில் எது பெரிது என்று நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

தவறினால் திரும்பப் பெற முடியாத வேலைகளில் இது இன்னும் முக்கியம். வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருள் வட்டின் படத்தை வரைந்து காட்டுகிறது. நீங்கள் செய்யச் சொன்ன மாற்றங்களை உடனே செய்யாமல் வரிசையில் வைத்திருக்கிறது. முழுப் பட்டியலையும் பார்த்து, அப்ளை என்ற பட்டனை அழுத்திய பிறகே வேலை தொடங்கும். பென்டிரைவில் லினக்ஸை எழுத மின்டிலேயே ஒரு சிறு கருவி இருக்கிறது. செருகியிருக்கும் யுஎஸ்பி வட்டுகளை மட்டும் அது பட்டியலிடும். இதே வேலையை டெர்மினலில் செய்யும் டிடி என்ற கட்டளையில் அந்தத் தடுப்பு கிடையாது. வட்டின் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறினால், உங்கள் ஆவணங்கள் இருக்கும் வட்டின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். ஒரு கேள்வியும் கேட்காது. டிடி தெரிந்தவர்களுக்கும் நான் இங்கே ஜன்னலையே பரிந்துரைப்பேன்.

எப்போதாவது ஒருமுறை செய்யும் வேலைகளும் இந்தப் பக்கமே சேர்கின்றன. புது அச்சுப்பொறியை இணைப்பது, இரண்டாவது திரையை எந்தப் பக்கம் வைப்பது, ப்ளூடூத் காதொலியைச் சேர்ப்பது போன்றவற்றுக்குக் கட்டளை கற்று மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. அடுத்த முறை தேவைப்படும்போது மறந்திருக்கும்.

சொல் தேவைப்படும் வேலைகள்

இப்போது மறுபக்கம். பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் 40 வினாத்தாள்கள் வேர்ட் கோப்புகளாக இருக்கின்றன. எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். லிப்ரே ஆபீஸ் ஜன்னலில் ஒவ்வொன்றாகத் திறந்து, மெனுவுக்குப் போய், ஏற்றுமதி செய்து, மூடி, அடுத்ததைத் திறந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். நடுவில் ஒன்றிரண்டு விட்டும் போகும். அதே லிப்ரே ஆபீஸை ஜன்னல் இல்லாமலும் இயக்கலாம். கட்டளையில் நான்கு செய்திகள் வரிசையாக இருக்கும்: லிப்ரே ஆபீஸின் பெயர், ஜன்னல் திறக்க வேண்டாம் என்ற குறிப்பு, பிடிஎஃப்பாக மாற்று என்ற குறிப்பு, கடைசியில் எந்தக் கோப்புகள் என்பது. அந்தக் கடைசி இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியையும் கோப்பு வகையையும் எழுதினால், அந்தக் கோப்புறையில் இருக்கும் அந்த வகைக் கோப்புகள் எல்லாம் என்று பொருள். திறந்திருக்கும் லிப்ரே ஆபீஸ் ஜன்னல்களை முதலில் மூடிவிட்டுத் தட்டினால் வேலை தடையில்லாமல் நடக்கும். 40 கோப்பானாலும் 400 கோப்பானாலும் நீங்கள் எழுதுவது அதே ஒரு வரிதான்.

கட்டளையின் முதல் பலம் இது. ஒருமுறை சொன்னதைப் பலமுறை செய்யும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யும். படங்களின் அளவைச் சுருக்க இமேஜ்மேஜிக், பிடிஎஃப்களை ஒட்ட பிடிஎஃப் யுனைட் என்று அன்றாடத் தேவைகள் பலவற்றுக்கு இப்படி ஒற்றை வரிகள் உண்டு. இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதால், கோப்புறையை முதலில் நகலெடுத்துக்கொண்டு அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

இரண்டாவது பலம், சிறு கட்டளைகளைக் கோத்துப் பெரிய வேலை வாங்கலாம் என்பது. பெல் ஆய்வகத்தில் இருந்த டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பேரில் 1973-ல் யூனிக்ஸில் குழாய் வசதி சேர்ந்தது. ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டால் இடப்பக்கக் கட்டளையின் வெளியீடு வலப்பக்கக் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும். கோப்புறைகளின் அளவைச் சொல்லும் டியு, வரிசைப்படுத்தும் சார்ட், கடைசிப் பத்து வரிகளைக் காட்டும் டெயில் ஆகிய மூன்றையும் இரண்டு கோடுகளால் இணைத்தால், மிகப் பெரிய பத்துக் கோப்புறைகள் கிடைத்துவிடும். இந்தக் கேள்வியை யாரும் முன்கூட்டியே யோசித்து மெனுவில் வைத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள்.

மூன்றாவது பலம்தான், பதில்கள் ஏன் கட்டளையாக வருகின்றன என்பதற்கு உண்மையான விடை. லினக்ஸில் டெஸ்க்டாப் ஒன்றல்ல. குனோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ என்று பல. ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸ் வேறு இடத்தில் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு மாறும். மெனு தமிழிலும் இருக்கலாம், ஆங்கிலத்திலும் இருக்கலாம். உதவி செய்கிறவருக்கு உங்கள் திரை தெரியாது. "வலது மூலையில் இருக்கும் மூன்றாவது பட்டனை அழுத்து" என்று அவர் சொன்னால், உங்கள் வலது மூலையில் பட்டனே இல்லாமல் போகலாம். உபுண்டுவிலும் மின்டிலும் ஆப்ட் கட்டளை ஒன்றேதான்; எந்த டெஸ்க்டாப் என்பது அதற்குப் பொருட்டில்லை. டெர்மினல் சொன்ன பதிலையும் அப்படியே நகலெடுத்து அவருக்குத் திருப்பி அனுப்பலாம். தொலைவில் இருக்கும் இருவர் ஒரே கணினியைப் பற்றித் தவறில்லாமல் பேச, எழுத்தை விட நல்ல வழி இல்லை.

கடைசியாக, திரையே வராத நாள். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப் எழும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸ்களில் எழுத்து மட்டும் உள்ள ஒரு திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கலாம், பழுதையும் பார்க்கலாம். மவுஸ் அங்கே இருக்காது. கொஞ்சம் கட்டளை தெரிந்து வைத்திருப்பதன் அருமை அப்போது புரியும்.

ஒரு கட்டளையைப் பிரித்துப் படிப்போம்

விஎல்சி என்ற படம் பார்க்கும் மென்பொருளை நிறுவ நான்கு சொல் தட்ட வேண்டும்: சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், விஎல்சி. ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. பின்னாலிருந்து படித்தால் எளிது. விஎல்சி என்பது எதை என்பதற்கு விடை. இன்ஸ்டால் என்பது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு. ஆப்ட் என்பது யார் செய்வது என்பதற்கு. சூடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று கூடுதலாகச் சொல்வது. எத்தனை நீளமான கட்டளையானாலும் இந்த யார், என்ன, எதை என்ற வரிசையை அதில் தேடுங்கள். நடுவில் சிறு கோடு போட்டு வருபவை எல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள்.

சூடோ போட்டதும் கடவுச்சொல் கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாமல், புள்ளிகூட விழாமல் போகலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். எழுத்துகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. முழுதாகத் தட்டி என்டரை அழுத்துங்கள்.

பிழைச் செய்திகளில் மூன்றைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் எழுத்துப் பிழை, அல்லது அந்த நிரல் உங்கள் கணினியில் இல்லை. "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்றால் நீங்கள் நிற்கும் கோப்புறையில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. "பெர்மிஷன் டினைட்" என்றால் அதைச் செய்ய உங்களுக்கு உரிமை தரப்படவில்லை. இந்த மூன்றாவதைக் கண்டதும் முன்னால் சூடோ சேர்த்து மறுபடி தட்டும் பழக்கம் வேண்டாம். ஏன் மறுக்கிறது என்று ஒரு கணம் யோசித்த பிறகே அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும்.

கைக்கு உதவும் விசைகளும் சில உண்டு. கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைப் பேஷ் நிரப்பிவிடும். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ்தான் பல லினக்ஸ்களில் உங்கள் வரியை வாங்கிப் படிக்கும் நிரல். மேல்நோக்கிய அம்பு பழைய கட்டளைகளைத் திரும்பக் கொண்டுவரும். கண்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் பழையவற்றில் தேடலாம். கண்ட்ரோலும் சியும் இங்கே நகலெடுப்பதற்கு அல்ல, ஓடும் வேலையை நிறுத்துவதற்கு. நகலெடுக்க அவற்றோடு ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். இரண்டு வழிகளையும் இணைக்கும் பாலமும் உண்டு. பல டெஸ்க்டாப்களில் ஒரு கோப்புறையில் வலது கிளிக் செய்தால் அங்கேயே டெர்மினலைத் திறக்கலாம். கோப்பை இழுத்து டெர்மினலில் போட்டால் அதன் முழு முகவரியும் விழும்.

பணிவும் ஆபத்தும்

டெர்மினல் சொன்னதைச் செய்யும். அதன் பலமும் ஆபத்தும் அந்த ஒரு குணத்தில்தான் இருக்கின்றன. ஜன்னலில் கோப்பை அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஆர்எம் கட்டளையால் அழித்தால் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். 2011-ல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய முகவரியின் நடுவே ஒரு வெற்றிடம் தவறுதலாக விழுந்திருந்தது. ஒரு முகவரி இரண்டாகப் பிரிந்தது. பயனர்களின் கணினியில் மென்பொருள்கள் குடியிருக்கும் முக்கியக் கோப்புறை முழுவதும் அழிந்தது. எழுதியவர் அனுபவமுள்ளவர், ஆர்எம் கட்டளையும் சொன்னபடிதான் நடந்துகொண்டது.

இன்னும் பாடமாக இருப்பது 2021 நவம்பரில் எல்லோரும் பார்க்க நடந்த ஒன்று. கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் தன் அன்றாடக் கணினியில் லினக்ஸைப் பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கினார். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுக் கடையை நிறுவ முயன்றபோது, மென்பொருள் கடை ஜன்னல் பிழை காட்டி மறுத்துவிட்டது. அவர் டெர்மினலுக்குப் போய் ஆப்ட் மூலம் நிறுவச் சொன்னார். அந்தச் சமயத்தில் மென்பொருள் பொதிகளுக்கிடையே ஒரு பொருத்தக் கோளாறு இருந்தது. ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் நீண்ட பட்டியலோடு எச்சரித்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போய், எழுத்துத் திரை மட்டும் மிஞ்சியது.

அவர் படித்திருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். சாதாரணப் பயனருக்கு இப்படி நேரவே கூடாது என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். ஜன்னல் காப்பாற்றியது, ஆனால் ஏன் மறுக்கிறது என்பதைப் புரியும்படி சொல்லவில்லை. டெர்மினல் காரணத்தைச் சொன்னது, ஆனால் ஏராளமான பெயர்களுக்கு நடுவே முக்கியமான ஒன்று மூழ்கிப்போனது. பிறகு தடுக்காமல் வழிவிட்டது. ஒன்று குறைவாகப் பேசியது, மற்றொன்று அளவுக்கு மீறிப் பேசியது. பிற்பாடு ஆப்ட் திருத்தப்பட்டு, அடிப்படைப் பொதிகளை நீக்கும் தீர்வுகளை அவ்வளவு எளிதில் ஏற்காதபடி ஆக்கப்பட்டது. குறையைப் பயனர் தலையில் போட்டுவிட்டுப் போகாமல் கருவியைத் திருத்தியது சரியான செயல்.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஜன்னல் மறுத்த ஒன்றை டெர்மினலில் செய்யப் போகும்போது இரண்டு மடங்கு நிதானம் வேண்டும். நீக்கப்படும் என்ற தலைப்பின் கீழே வரும் பெயர்களை மட்டுமாவது படியுங்கள். நீங்கள் கேட்காத ஏதாவது நீங்கப் போகிறது என்றால் நிறுத்துங்கள். இணையத்தில் கண்டதானாலும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததானாலும், யார், என்ன, எதை என்று பிரித்துப் படிக்க முடியாத கட்டளையைச் சூடோவோடு ஓட்டாதீர்கள். மின்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை ஒருமுறை அமைத்துவிட்டால், கணினியின் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். அது உங்கள் சொந்தக் கோப்புகளுக்கான காப்பு அல்ல, அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தமிழ்க் கோப்புகள் டெர்மினலில்

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் டெர்மினலில் ஒரு சங்கடத்தைச் சந்திப்பார்கள். டெர்மினல் ஜன்னல்கள் பின்பற்றும் முன்மாதிரி, 1978-ல் வந்த விடி100 போன்ற பழைய கருவிகள். விடி100-ன் திரை வரிக்கு 80 கட்டம், 24 வரி. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். நம் எழுத்தில் கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும். 'கொ' என்ற ஓர் எழுத்து மூன்று துண்டாக நிற்கும். அதைக் கட்டத்துக்குள் அடக்கப் பல டெர்மினல்கள் இன்னும் சரியாகக் கற்கவில்லை. எழுத்துகள் உடைந்தும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் தெரியலாம்.

பெயர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வட்டில் இருக்கும் பெயர் சரியாகவே இருக்கும், காட்சியில்தான் குறை. கிரெப் போன்ற தேடும் கட்டளைகள் யுனிகோட் தமிழில் உள்ள சொல்லையும் கோப்புகளுக்குள் கண்டுபிடிக்கின்றன. பெயரைத் தட்டுவதற்குப் பதிலாக டேப் விசையால் நிரப்பலாம், அல்லது கோப்பை இழுத்துப் போடலாம். தமிழ்க் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒழுங்குபடுத்துவதற்கு இப்போதைக்கு ஜன்னலே வசதி. இந்தக் காட்சிக் குறை தீர வேண்டும். டெர்மினல் மென்பொருள் எழுதும் தமிழர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது.

எங்கே தொடங்குவது

கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்போது ஜன்னலில் செய்யும் வேலைகளை அப்படியே தொடருங்கள். அவற்றில் மாதத்துக்குப் பலமுறை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் ஆக்குவதோ, படம் சுருக்குவதோ, ஒரு கோப்புறையைப் பென்டிரைவுக்கு நகலெடுப்பதோ எதுவானாலும் சரி. அதற்கான ஒரு கட்டளையைக் கற்று, தேவையற்ற கோப்புகள் உள்ள தனிக் கோப்புறையில் ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்ததும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, அது என்ன செய்கிறது என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி சேருங்கள். அந்தக் கோப்பு மெல்ல வளரும். உங்கள் வேலைக்கு ஏற்ற கட்டளைப் புத்தகத்தை உங்களை விட நன்றாக வேறு யாரும் எழுத முடியாது.

ஏற்கெனவே டெர்மினல் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றாட வேலை ஒன்றை டெர்மினல் இல்லாமல் செய்யவே முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது அந்த டெஸ்க்டாப்பின் குறை. அவர் கற்றுக்கொள்ளாததன் குறையாக அதை ஆக்காதீர்கள். பிழை அறிக்கையாக எழுதி அனுப்ப அவருக்கு உதவுங்கள். ஒருவருக்குக் கட்டளை எழுதித் தரும்போது கூடவே மூன்று வரி சேருங்கள்: இது என்ன செய்யும், எதை மாற்றும், பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது. அந்த மூன்று வரியும் சேர்ந்து வந்தால், வாங்கியவர் அதைப் புரிந்துகொண்டு ஓட்டுவார். அடுத்த முறை தானே எழுதுவார்.